புத்தாக்கத்தின் பின்னே நிற்போர் யார்?

'புத்தாக்கம்' என்னும் சொல் அண்மைக் காலத்தில் இலங்கையின் கிழக்குக் கரையிலும் பெருவழக்குப் பெற்றுள்ளது. மட்டக்களப்பு நகரிற் கூட்டப்படும் பயிலரங்குகளிலும், பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும், அரசசார்பற்ற நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலும் அதனைத் தவறாது காணலாம். அதனுடன் கூடவே முயற்சியாண்மை, தொடக்க நிறுவனம், அடைகாப்பகம், வழிகாட்டுநர் ஆகிய சொற்களும் வந்து சேர்ந்துள்ளன. கடல்கடந்து வாழும் தமிழ்ப் பொறியியலாளரும், மேலைநாட்டு நன்கொடை நிறுவனங்களும், கொழும்பு முதலீட்டாளரும் கைகோத்து, வாவிக்கரை இளைஞரிடையே புதிய தொழினுட்ப நிறுவனங்களை முளைக்கச் செய்தலே இம்முயற்சிகளின் நோக்கமெனக் கூறப்படுகிறது. வேலை தேடுவோரை அன்று, வேலை கொடுப்போரையே உருவாக்க வேண்டும் என்பது இவற்றின் மூலமந்திரமாகும்.

நோக்கத்திற் குற்றங்காண்பதற்கில்லை. பட்டம் பெற்றபின் அரச நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருத்தலும், கச்சேரி வாயிலில் உண்ணாவிரதமிருத்தலுமே கிழக்கு மாகாணப் பட்டதாரியின் வாழ்க்கை முறையாகிவிட்ட நிலையில், வேறொரு வழி உண்டென்று சொல்பவரை வரவேற்றல் இயல்பே. ஆயினும், இம்முயற்சிகளைப் பற்றிய பேச்சில் ஒரு வினா எழுப்பப்படுவதேயில்லை. இவற்றின் பின்னே நிற்போர் யாவர்? மேடையில் அமர்ந்திருப்போரின் பெயர்ப்பட்டியலே இவ்வினாவுக்கு விடையாகக் காட்டப்படுகின்றது. நிறுவியவர், நிதியளித்தவர், வழிகாட்டியவர் என்போர் அப்பட்டியலில் இடம்பெறுவர். ஏனையோர் அனைவரும் 'பயனாளிகள்' என்ற ஒரே சொல்லினுள் அடக்கப்படுவர். இப்பாகுபாடே பிழையானது. ஒரு முயற்சியின் பின்னே நிற்பவர், அது வீழும்போது அதன் பாரத்தைத் தாங்குபவரேயாவர். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், மேடையிலுள்ள பெயர்கள் பலவும் பட்டியலினின்றும் நீங்க, மேடையை ஒருபோதும் கண்டிராத பலரின் பெயர்கள் அவ்விடத்தை நிரப்பும்.

எல்லை கடந்து வந்த தொழினுட்பம் மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்துக்குப் புதியதன்று. 1949ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டம் அத்தகையதே. அணையைக் கட்டியது மொறிசன் நுட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம். திட்டத்துக்கு முன்மாதிரியாக இருந்தது ஐக்கிய அமெரிக்காவின் தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை. அக்காலத்து இலங்கையில் அதனை விஞ்சிய புத்தாக்கம் வேறில்லை எனலாம். மண் அள்ளும் பாரிய இயந்திரங்கள் வந்தன; சேனநாயக்க சமுத்திரம் நிரம்பியது; வயல்கள் விரிந்தன. ஆனால் அந்நீர் யாருடைய வயலுக்குப் பாய வேண்டும், அந்நிலத்தில் யார் குடியமர வேண்டும் என்பவற்றை வாவிக்கரை மக்கள் தீர்மானிக்கவில்லை. 1956ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கல்லோயாக் குடியேற்றங்களிலே தமிழர் கொல்லப்பட்டனர். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. தொழினுட்பம் வெற்றி பெற்றது; அதன் விலையை அதனைத் திட்டமிடாதவர்கள் செலுத்தினர். பொறியியலாளர்களைப் பழித்தற்பொருட்டு இது கூறப்படவில்லை. தொழினுட்பத்தை எவர் கொணர்ந்தார் என்பதைக் காட்டிலும் அதனை எவர் ஆள்கிறார் என்பதே பெரிது என்பதற்கு இவ்வரலாறு சான்று.

இதற்கு மறுதலையான சான்றொன்றும் இப்பிரதேசத்துக்கு உண்டு. 1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளை யாழ்நூலின் ஆசிரியராகவும் துறவியாகவும் மட்டும் நினைவுகூரும் வழக்கம் நிலைபெற்றுவிட்டது. அவர் விஞ்ஞான ஆசிரியராகவும் பணியாற்றியவர் என்பது பலராலும் மறக்கப்படுவது. கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்ற அவரே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தினதும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தினதும் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் வெளிவந்த யாழ்நூல் பழந்தமிழ் இசைக்கருவியொன்றினைக் கணிதத்தினதும் ஒலியியலினதும் துணைகொண்டு மீட்டெடுக்க முயன்ற ஆய்வாகும். 1930களிலே தமிழ்நாட்டில் விஞ்ஞானக் கலைச்சொற்களை ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கியோருள் அவரும் ஒருவர். கடலைக் கடந்து சென்று கற்றவர், கடலைக் கடந்து சென்று கற்பித்தவர். எனினும் கற்றதனைத் தமிழாக்கித் தன் மக்களின் உடைமையாக்குதலே அறிவின் முடிந்த பயன் என்று கருதியவர். எல்லை கடந்த தொழினுட்ப முயற்சிக்கு மட்டக்களப்பு மண் தந்த இலக்கணம் இதுவே. இன்றைய முயற்சிகள் இவ்விலக்கணத்தோடு ஒப்பிடப்படல் வேண்டும்.

ஒப்பிடுமிடத்து முதலிற் தென்படுவது மொழிப் பிரச்சினை. இன்றைய தொடக்க நிறுவனப் போட்டிகளில் ஓர் இளைஞன் தன் எண்ணத்தைச் சில நிமிடங்களில், சில படச் சட்டங்களில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் எடுத்துரைக்கவேண்டியவனாகிறான். படுவான்கரையின் வயலில் என்ன குறை என்பதை நன்கறிந்தவனுக்கு அம்மொழியில் நாவெழுவதில்லை. அம்மொழியில் நாவன்மை உடையவனுக்கு அவ்வயலின் குறை தெரிவதில்லை. நடுவர்கள் கேட்டதையே கொண்டு மதிப்பிடுவர். அது அவர்களது குற்றமன்று. முடிவு யாதெனின், வாவியின் பிரச்சினைகள் போட்டிக்கு வருமுன்பே தோற்றுவிடுகின்றன. பன்குடாவெளி தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமாகக் கிடக்கும் இவ்வாவி, எழுவான்கரை, படுவான்கரை என மக்களின் வாழ்வையே இரண்டாக வகுத்திருக்கிறது. மண்முனைப் பாலம் 2014இற்றான் திறக்கப்பட்டது. குருமண்வெளிக்கும் மண்டூருக்குமிடையே ஓடத்தை நம்பியே மக்கள் பயணஞ்செய்து வந்துள்ளனர். எல்லை கடந்த முயற்சி என்று பெருமை பேசுவோர் பேர்லினையும் சிங்கப்பூரையும் இணைத்துவிட்டனர். படுவான்கரையை இணைத்தனரா என்பதே கேள்வி.

அடுத்து நோக்கற்பாலது இம்முயற்சிகளின் கோட்பாடு. வடக்கே 2010களின் தொடக்கத்திற் தோன்றிய யாழ் ஐ.ரீ. ஹப், யாழ்ப்பாணத்தை அடுத்த சிலிக்கன் பள்ளத்தாக்காக்குதலைத் தன் குறிக்கோளாக அறிவித்தது. உள்ளூரிலும் புலத்திலும் வாழ்ந்த தொண்டர்கள் தம் நேரத்தையும் பொருளையும் ஈந்து அதனை வளர்த்தனர். அவர்களது அர்ப்பணிப்பை ஐயுறுவதற்கு இடமில்லை. மட்டக்களப்பிலும் 2010களின் பிற்பகுதியில் ட்றீம்ஸ்பேஸ் அக்கடமி எனும் சமூகப் புத்தாக்க நிலையம் உருவாயிற்று. பல நாட்டு விஞ்ஞானிகளும் கலைஞரும் கலந்துகொண்ட டிஜிற்றல் நச்சுரலிசம் மாநாடு 2022இல் மட்டக்களப்பில் நடைபெற்றது. நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்து, எரிபொருளுக்கு மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற ஆண்டு அது. அத்தகைய காலத்திலும் அறிவின் வழி அடைபடவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் குறிக்கோளாகக் கொள்ளப்படும் சிலிக்கன் பள்ளத்தாக்கு எவ்வாறு தோன்றியது என்பது நேர்மையாகக் கூறப்படுகின்றதா?

கூறப்படுவது ஒரு புராணமே. கார்க் கொட்டிலொன்றில் இரு இளைஞர், கையிற் காசில்லை, மனத்தில் ஒரு கனவு, பன்முறை தோல்வி, ஈற்றிற் பெருவெற்றி. வரலாறு வேறு. 1957இற் தொடங்கப்பட்ட ஃபெயார்ச்சைல்ட் போன்ற நிறுவனங்கள் வளர்ந்த காலத்தில், 1960களின் முற்பகுதியில் உற்பத்தியான ஒருங்கிணைந்த மின்சுற்றுக்களின் பெரும்பகுதியைக் கொள்வனவு செய்தவை மினிற்மன் ஏவுகணைத் திட்டமும் அப்பொல்லோ விண்வெளித் திட்டமுமேயாகும். விலை மிகுதியாகவும் நம்பகம் குறைவாகவும் இருந்த புதிய பொருளை அரசே வாங்கிக்கொண்டது. இழப்பு வரி செலுத்துவோரின் தோளில் ஏறியது. இலாபம் பின்னர் நிறுவனங்களின் பெட்டியிற் சேர்ந்தது. தாய்வானின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. ஐக்கிய அமெரிக்காவில் நெடுங்காலம் பணியாற்றிய மொறிஸ் சாங், 1987இல் இன்று உலகப் புகழ்பெற்றுள்ள ரி.எஸ்.எம்.சி. நிறுவனத்தைத் தொடங்கினார். எல்லை கடந்த அறிவுக்கு அவரே தலைசிறந்த எடுத்துக்காட்டு எனப் புகழப்படுகின்றார். அப்புகழுரைகளில் 1973இல் அரசு நிறுவிய கைத்தொழில் தொழினுட்ப ஆராய்ச்சி நிலையமும், 1980இல் அமைக்கப்பட்ட சிஞ்சு விஞ்ஞானப் பூங்காவும், அந்நிறுவனத்தின் தொடக்க மூலதனத்தில் ஏறத்தாழ அரைவாசியை அரசே இட்டமையும் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை. 1959இற் தொடங்கிய சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகமும் மேற்கு ஜேர்மனியின் உதவியோடு இந்திய அரசு கட்டியெழுப்பியதே. வெளியிலிருந்து வந்த அறிவு வேரூன்றிய இவ்விடங்களிலெல்லாம், தோல்வியின் பாரத்தைத் தாங்க ஒரு பொது நிறுவனம் காத்திருந்தது.

இவ்வுண்மையை மறைத்துவிட்டுப் புராணத்தை மாத்திரம் வாவிக்கரைக்கு இறக்குமதி செய்யும்போது நேர்வது என்ன? 'தோல்வியைக் கொண்டாடுங்கள்' என்பது தொடக்க நிறுவன உலகின் விருப்புக்குரிய முழக்கம். பத்து முயற்சிகளில் ஒன்பது வீழ்ந்தாலும் ஒன்று வென்றாற் போதுமென்பது முதலீட்டாளரின் கணக்கு. பத்திலும் பணமிட்டவருக்கு அக்கணக்குச் சரியே. வீழ்ந்த ஒன்பதில் ஒன்றை நடத்தியவனுக்கு அது கணக்கன்று, அவனுடைய வாழ்க்கை. கலிபோர்னியாவில் வீழ்ந்தவன் மறுவாரம் இன்னொரு நிறுவனத்திற் சம்பளத்துக்கு அமரலாம். களுவாஞ்சிகுடியில் வீழ்ந்தவனுக்கு அத்தகைய மறுவாரம் இல்லை. அவன் செலவிட்டது அடைவு கடையில் ஈடுவைத்த சகோதரியின் காப்பு. அரச நியமனத்துக்கு விண்ணப்பிக்கும் வயதெல்லையினின்றும் கழிந்த இரு ஆண்டுகள். உறவினரிடத்து இருந்த மதிப்பு. இத்தோல்வியை எவர் கொண்டாடுவர்? கொண்டாடச் சொல்பவர் அதன் செலவை ஏற்பாரா?

இக்கேள்வி கற்பனையானதன்று. முயற்சியாண்மை என்னும் பெயரில் இப்பிரதேசத்து மக்கள் ஏற்கெனவே ஒருமுறை பாடம் படித்துள்ளனர். நுண்கடன் என்பதும் எல்லை கடந்து வந்த புத்தாக்கமே. வங்காளதேசத்திற் பிறந்து, அதன் முன்னோடிக்கு 2006இல் நோபல் சமாதானப் பரிசையும் பெற்றுத் தந்த அவ்வெண்ணம், 2009இற் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் பெருவெள்ளமெனப் பாய்ந்தது. கணவனை இழந்தவளும் சுயதொழில் முயற்சியாளராகலாம் எனக் கூறப்பட்டது. கோழி வளர்த்தல், தையல், சிறுகடை எனத் தொடங்கிய முயற்சிகள் வீழ்ந்தபோது கடன் வீழவில்லை, வட்டியோடு வளர்ந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதனை அடைக்க வேறொன்று எனப் பெண்கள் சிக்குண்டனர். 2018இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடன்களுட் சிலவற்றைத் தள்ளுபடி செய்யும் நிலை அரசுக்கே ஏற்பட்டது. அதே ஆண்டு இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் இக்கடன்களின் கொடுமையைச் சுட்டிக்காட்டினார். 2021இல் அயல் மாவட்டமான பொலனறுவையின் ஹிங்குராக்கொடையிலே நுண்கடனுக்கு எதிராகப் பெண்கள் தொடர் சத்தியாக்கிரகம் மேற்கொண்டனர். வறியவரிடத்து இயல்பாகவே உறங்கிக்கிடக்கும் முயற்சித் திறனை எழுப்பிவிட்டாற் போதும், ஏனையவை தாமே நடக்கும் என்ற நம்பிக்கையின் முடிவு அது. இன்று அதே நம்பிக்கை, தாய்மாரை விட்டு அவர்தம் பட்டதாரிப் பிள்ளைகளிடம் மடிக்கணினியோடு வந்து நிற்கிறது.

மட்டக்களப்பின் வேளாண்மை வாழ்வை அறிந்தோருக்கு இவ்வுறவு முறை அந்நியமாகத் தோன்றாது. போடியார் நிலமும் விதைநெல்லும் முற்பணமும் கொடுப்பார், முல்லைக்காரன் உழைப்பான், அறுவடையின்போது கொடுத்தவை யாவும் களத்திலேயே கழிக்கப்பட்டு எஞ்சியதே முல்லைக்காரனின் பங்காகும். விளைச்சல் பொய்த்தால் அடுத்த போகத்துக்கும் அவன் கடனாளியே. போடியாராவது அவ்வூரிலேயே வாழ்ந்தார். முல்லைக்காரனின் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்து நின்றார். விமானத்தில் வந்து, மூன்று நாட் பயிலரங்கு நடத்தி, கருத்திட்டக் காலம் முடிந்ததும் திரும்பிவிடும் புதிய போடியாருக்கு அக்கடமையும் இல்லை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நிறுவனப் பதாகைகள் நிறைந்திருந்த கரைகளில், சில ஆண்டுகளின் பின் அப்பதாகைகளின் இரும்புச் சட்டங்களே எஞ்சியிருந்தன என்பதை மக்கள் மறக்கவில்லை.

அவ்வாறாயின் இம்முயற்சிகள் அனைத்தையும் அந்நியச் சூழ்ச்சியெனப் புறக்கணித்தல் தகுமா? அவ்வாறு கூறுவோரும் பல்கலைக்கழகங்களில் உளர். அவர்களது வாதம் எளிமையானது; எளிமையானதாலேயே சோம்பலுக்கு இடந்தருவது. அந்நியப் பணம் தீண்டியதெல்லாம் தீட்டென்று விலகுவோர், கிராமத்து மாணவிக்கு நிரலாக்கம் கற்பிக்க வேறொரு வழியைக் காட்டுவதில்லை. மேலும், எல்லை கடந்த தமிழர் கூட்டுமுயற்சியின் உன்னதமான பேறுகளை அவர்கள் காணத் தவறுகின்றனர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் ஆக்கத் தொடங்கிய முரசு அஞ்சல், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தமிழ் இணையத்துக்கு இட்ட அடித்தளம், சுவிற்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998இற் தொடக்கிய மதுரைத் திட்டம், இலங்கையரான மயூரநாதன் 2003இல் வளைகுடா நாட்டிலிருந்து கட்டியெழுப்பத் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, 2005இல் ஈழத்து நூல்களைக் காக்கவெனத் தோன்றிய நூலகம் திட்டம் ஆகிய யாவும் எல்லை கடந்த தொழினுட்பப் புத்தாக்கங்களே. இன்று ஒரு மாணவன் வந்தாறுமூலையிலிருந்து கைத்தொலைபேசியில் தமிழில் எழுதுகிறான் எனின், அதற்கு இத்தகையோரே காரணர்.

இவற்றை ஊன்றி நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். இவற்றுட் பலவற்றில் 'பயனாளி' என்றொரு வகுப்பார் இல்லை. விக்கிப்பீடியாவைப் படிப்பவனே அதனை எழுதுபவனாகவும் ஆகலாம். நூலகத் திட்டத்துக்கு ஒரு பழைய சஞ்சிகையைத் தேடிக்கொடுத்த கிராமத்து ஆசிரியரும், கடல்கடந்து பணம் அனுப்பியவரும் ஒரே பணியின் இரு கைகள். ஆக்கப்பட்டது பொதுவுடைமையாக நின்றது. ஒருவர் விலகினாலும் இன்னொருவர் தொடர முடிந்தது. தோல்வி நேர்ந்தாலும் எவருடைய காப்பும் அடைவு கடையில் மூழ்கவில்லை. புறக்கணிப்போர் கூறுவதுபோல எல்லை கடத்தல் குற்றமன்று. புகழ்வோர் கூறுவதுபோல அதுவே சிறப்புமன்று. உடைமையும் இழப்பும் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதே சிறப்பையும் குற்றத்தையும் தீர்மானிக்கின்றது.

இங்கு மீண்டும் முதல் வினாவுக்கு வரலாம். இன்றைய முயற்சிகளின் பின்னே உண்மையில் நிற்போர் யார்? வாவிக்கரையின் இளம் பொறியியலாளன் ஒருவனைக் கருதுக. அவனைப் பதின்மூன்று ஆண்டுகள் பாடசாலையிலும், அதன்மேற் பல்கலைக்கழகத்திலும் படிப்பித்தது 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி. அக்கல்விக்கு வரி செலுத்தியோருள் மலையகத் தோட்டத் தொழிலாளியும் உளன். பொலனறுவை விவசாயியும் உளன். 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இற் பல்கலைக்கழகமான வந்தாறுமூலைக் கல்விக்கூடம், கட்டடங்களால் மாத்திரம் நிலைத்ததன்று. 1990இல் அவ்வளாகம் அகதிகள் தங்கிய முகாமாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் மீளவில்லை. அதன் துணைவேந்தராகப் பணியாற்றிய விவசாயப் பேராசிரியர் சிவசுப்பிரமணியம் இரவீந்திரநாத் 2006ஆம் ஆண்டு டிசெம்பர் 15ஆந் திகதி கொழும்பிற் காணாமற் போனார். இத்தனைக்கும் பின்னர் அங்கே விரிவுரைகள் தொடர்ந்தன, பரீட்சைகள் நடந்தன, மாணவர் பட்டம் பெற்றனர். அப்பட்டதாரி ஒருவன் மேடையேறித் தன் நிறுவனத்தை அறிமுகஞ் செய்யும்போது, அவனது வெற்றி மூன்றுமாதப் பயிற்சியொன்றின் விளைவெனக் கூறப்படுமாயின் அது நன்றிமறத்தலாகும்.

அவனுக்குப் பின்னே இன்னொருத்தியும் நிற்கிறாள். 1970களின் பிற்பகுதி தொட்டு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பெண்கள் சவூதி அரேபியாவுக்கும் குவைத்துக்கும் பணிப்பெண்களாகச் சென்று வந்துள்ளனர். தமிழரும் முஸ்லிம்களுமாகிய இத்தாய்மார் அனுப்பிய பணத்தில் வீடுகள் கூரை பெற்றன. பிள்ளைகள் தனியார் வகுப்புகளுக்குச் சென்றனர். பலருக்கு முதற் கணினியும் அப்பணத்திலேயே கிடைத்தது. மாதாமாதம், ஆண்டுக்கணக்கில், வட்டியின்றி, பங்குரிமை கோராது, தோற்றாலும் திருப்பிக் கேளாது இட்ட முதல் அது. எல்லை கடந்த முதலீடு என்னும் சொற்றொடருக்கு இதனைவிடப் பொருத்தமான பொருள் உண்டா? எனினும் முதலீட்டாளர் மாநாடுகளுக்கு அவளை எவரும் அழைத்ததில்லை. அழைத்தாலும் அவளுக்குக் கதிரை எந்த வரிசையில் இடப்படும் என்பது சொல்லாமலே விளங்கும்.

பின்னே நிற்போர் இவர்களெனின், முன்னே நிற்போர்க்குச் சில கடமைகள் பிறக்கின்றன. முதலாவது, பரிசின் திசையை மாற்றுதல். போட்டியில் வென்றவனுக்குக் காசோலை கொடுத்தல் எளிது, படமெடுக்கவும் உகந்தது. வென்றவனுக்கு உதவ வேறு பலர் வருவர். வீழ்ந்தவனின் கடனைத் தீர்த்து, ஓராண்டு சீவனத்துக்கு வழிசெய்து, அவன் கற்றதைப் பிறருக்குக் கற்பிக்க இடமளித்தலே ஆதரவு எனத்தகும். புலத்துத் தமிழர் உண்மையாகவே துணைநிற்க விரும்புவராயின் பரிசு நிதியினும் இழப்பு நிதியே முற்பட வேண்டும். இது வாவிக்கரை மக்களுக்குப் புரியாத தத்துவமன்று. ஊர்தோறும் உள்ள மரண உதவிச் சங்கம் இதே நெறியில் இயங்குவது. ஒரு வீட்டின் இழப்பை ஊர் பங்கிட்டுக்கொள்கிறது. சாவுக்குத் தெரிந்த இந்நியாயம் தொழிலுக்கு ஏன் தெரியக்கூடாது?

இரண்டாவது, பிரச்சினையை வாவியிலிருந்து எடுத்தல். வடகீழ்ப் பருவமழையில் வாவி பெருகிப் படுவான்கரை வயல்கள் மூழ்கும்போது, மணல்மேடிட்ட முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டுமென விவசாயிகள் கோருவர். காலத்துக்கு முன் வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போகுமென மீனவர் அஞ்சுவர். எப்போது வெட்டுவது, எவ்வளவு நீர் உயர்ந்தால் வெட்டுவது என்பது ஆண்டுதோறும் எழும் பிணக்கு. நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் இடந்தோறும் அளந்து, அளவீட்டைத் தமிழில் இரு கரைக்கும் ஒரே வேளையில் அறிவிக்கும் கருவித்தொகுதி ஒன்றினை இப்பிரதேசத்து மாணவரே ஆக்கலாம். அதற்குச் சந்தை இல்லை. ஆகவே அது தொடக்க நிறுவனமாகாது. ஆகவே போட்டியில் வெல்லாது. ஆனால் அக்கருவி மீனவர் கூட்டுறவுச் சங்கத்தினதும் கமக்காரர் அமைப்பினதும் கூட்டுடைமையாக இருக்குமெனின், பதவியிலுள்ளோரின் விருப்பிற்கேற்ப நிகழும் தீர்மானமொன்று அளவையின்பாற்பட்டதாகும். புத்தாக்கம் எனப்படுவது இதுவன்றி வேறு யாது?

நாடே கடனில் மூழ்கியிருக்கையில் பொது நிறுவனங்கள் பாரந்தாங்கும் என எதிர்பார்த்தல் பேதைமை என்று சிலர் கூறுவர். அரசின் வறுமை உண்மையே. ஆயின் அவ்வறுமையைக் காட்டிப் பாரத்தை யாரிடம் இறக்குகின்றனர் என்பதைக் கவனித்தல் வேண்டும். அரசு தாங்கவியலாததைப் பணிப்பெண்ணின் குடும்பம் தாங்கும் எனக் கொள்வதே இவ்வாதத்தின் உட்பொருள். மேலும், கோரப்படுவது அனைத்தும் பணமன்று. உள்ளூர் ஆக்கமொன்றின் முதற் பிரதியைப் பிரதேச சபை வாங்குதலும், பல்கலைக்கழகப் பட்டறையை மாலைவேளைகளில் ஊராருக்குத் திறந்துவிடுதலும், தமிழில் எழுதப்பட்ட முன்மொழிவை ஏற்றலும் திறைசேரியைக் குலைக்கும் செலவினங்கள் அல்ல. வாழைச்சேனையில் 1950களிலே வைக்கோலிலிருந்து கடதாசி செய்யும் ஆலையை நிறுவிய நாடு இது. களத்து வைக்கோலுக்குப் பயன் கண்ட அவ்வாலை போரின் காலத்திற் சீர்குலைந்தமை, பொதுமுயற்சி இயலாது என்பதற்குச் சான்றாகாது; காக்கப்படாத பொதுமுயற்சி அழியும் என்பதற்கே சான்றாகும்.

பல்கலைக்கழகத்தாருக்கும் இதில் நழுவ முடியாத பங்குண்டு. வெளியார் வரும்போது மண்டபத்தைக் கொடுத்து, மாலையிட்டு, சான்றிதழ் பெற்றுக்கொள்ளுதல் பல்கலைக்கழகத்தின் பணியன்று. எத்தனை முயற்சிகள் தொடங்கப்பட்டன என்ற கணக்கை எல்லோரும் வெளியிடுகின்றனர். எத்தனை வீழ்ந்தன, வீழ்ந்தோர் இன்று எங்கே உளர், அவர்தம் கடன் எவ்வளவு என்ற கணக்கை எவரும் எடுப்பதில்லை. அக்கணக்கை எடுத்தல் ஆய்வாளரின் கடன். விபுலாநந்தர் பிறந்த மண்ணிலே, கருவிகளைத் தமிழிற் பெயரிடும் ஆற்றலோடு அவற்றின் விலையைத் தமிழிற் கேட்கும் துணிவும் வளர்தல் வேண்டும்.

எல்லை கடந்து வருவோர் வருக. அவர்தம் அறிவும் பொருளும் வருக. ஆனால் வரும்போதே அவர்களிடம் கேட்கப்படவேண்டிய கேள்வி, எத்தனை பேரை முயற்சியாளராக்குவீர்கள் என்பதன்று; வீழ்பவனோடு எத்தனை காலம் நிற்பீர்கள் என்பதே. அதற்கு விடைகூற இயலாதவர் முன்வரிசையில் அமரலாம், பின்னே நிற்பவராகார்.